அடிமாடு என்றோர் இனம் இல்லை: கொங்கு நாட்டு மாட்டு விருத்தியில் லாபமும் இறைச்சித் தரமும்

கொங்கு நாட்டில் மாட்டுக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. நிறத்தை வைத்து மயிலை, பிள்ளை, செவலை, காரி. வேலையை வைத்து உழவு மாடு, வண்டி மாடு, கறவை. வயதை வைத்து இரண்டு பல், நாலு பல், பல் சேர்ந்தது. இந்த வரிசையில் ‘அடிமாடு’ மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. மற்ற பெயர்கள் மாடு எப்படிப்பட்டது, எதற்கு ஆகும் என்று சொல்கின்றன. அடிமாடு என்பது அந்த மாடு எங்கே போகப்போகிறது என்று மட்டுமே சொல்கிறது. உழவு மாடு வளர்த்தேன் என்பவர் உண்டு, கறவை வளர்த்தேன் என்பவரும் உண்டு. அடிமாடு வளர்த்தேன் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு மாடு சந்தையில் கைமாறும் நேரத்தில்தான் அடிமாடு ஆகிறது.

இந்தச் சொல்லாட்சியில் ஒரு பொருளாதாரம் ஒளிந்திருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மாட்டிறைச்சிக்கான வணிகம் பெரிதாக நடக்கிறது. மாட்டிறைச்சிக்கான இனவிருத்தி என்று ஒன்று மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விடைகள் வரும். ஒன்று, மக்களின் சமய உணர்வு. மற்றொன்று, நம் நாட்டு மாட்டின் உடல்வாகு கறிக்கு ஏற்றதன்று என்பது. முதல் விடை பாதி உண்மை. இரண்டாவது விடை தவறு. உண்மையான காரணம் விலை வந்து சேரும் இடத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கறிக்குக் கிடைக்கும் விலை, காளையைத் தேர்ந்தெடுப்பவனின் கைக்குத் திரும்பி வருவதில்லை. திரும்பி வராத விலை எந்த இனத்தையும் மாற்றாது.

பழையகோட்டைத் தொழுவம்

கொங்கு நாட்டின் காங்கேயம் மாடு தானாக விளைந்ததன்று. 1909-இல் தென்னிந்திய மாடுகளைப் பற்றி எழுதிய கன், 1936-இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி நூல் வெளியிட்ட லிட்டில்வுட் போன்ற ஆங்கிலேய அதிகாரிகள் ஏட்டில் பதிவு செய்தது, அவர்களுக்கு முன்பே இங்கு நடந்துகொண்டிருந்த தேர்வின் விளைவை. அந்தத் தேர்வின் பெருமையில் பெரும்பங்கு பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கே, குறிப்பாக நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாருக்கே தரப்படுகிறது. பட்டக்காரர் தொழுவத்துக் காளையின் வழிவந்தது என்று சொன்னால் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு.

எதைத் தேர்ந்தார்கள்? இறுகிய உடல், குறுகிய கால், தேயாத குளம்பு, கல்காட்டிலும் தளராத நடை, பணிவு, இவற்றுக்கு மேல் காய்ந்த தீவனத்தில் தாக்குப்பிடிக்கும் வயிறு. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இந்தத் தேர்வுக்குத் துணை நின்றது. முள்கிளுவை வேலி, அதற்குள் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரங்கள். மழை பொய்த்த ஆண்டில் வெள்வேல் நெற்றுதான் மாட்டுக்குச் சோறு. உள்ளே விட்டு வேலிப்படலைச் சாத்தினால் மேய்ப்பவன் தேவையில்லை. வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் இன்னும் இந்தக் காடுகள் இருக்கின்றன. முன்பிருந்த அளவு இல்லை.

பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். விதையடிக்காத காளைக்குக் கழுத்தும் திமிலும் பின்தொடையும் கறுக்கும். விதையடித்த எருதுக்கு அந்தக் கறுப்பு ஏறாது. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாச் சந்தையில் ஒரு பூச்சிக்காளையைச் சுற்றி நின்று பார்ப்பவர்கள் இந்தக் கறுப்பு இறங்கும் எல்லையை விரலால் கோடு போட்டுக் காட்டுவார்கள். கொம்பின் வளைவைப் பார்ப்பார்கள். பிறகு சுழி. நெற்றியில், முதுகில், தாடைக்குக் கீழே மயிர் சுழிக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் உண்டு. நல்ல சுழியால் விலை ஏறும், கெட்ட சுழியால் மாடு கட்டுத்தறியிலேயே நின்றுவிடும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஆனால் இனவிருத்தியாளனின் கண்ணுக்கு இது வேறு மாதிரி தெரியும். வாங்குபவன் எதற்குப் பணம் தருகிறானோ அதுவே தலைமுறைக்குத் தலைமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறது. சுழிக்கு விலை இருந்தது. கறித் தரத்தின் விலையோ சுழி.

பீளமேட்டில் செய்த மோட்டார்

இந்தக் கட்டுரை கோவையின் பீளமேட்டில் இருந்து எழுதப்படுவதில் ஒரு பொருத்தம் உண்டு. காங்கேயம் எருதின் வேலையைப் பறித்தது இந்த ஊர்தான்.

கொங்கு வேளாண்மை கிணற்று வேளாண்மை. கவலை இறைப்பில் இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். கிணற்றிலிருந்து தோல்பறி மேலேறித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். எருதுகள் பின்னோக்கியே நடந்து பழைய இடத்துக்கு ஏறும். விடியும் முன்பே தொடங்கும் இந்த ஏற்ற இறக்கத்தில் தேர்ந்த எருது, முன்னே போவதற்கு ஈடாகப் பின்னே வரவும் அறிந்த எருது. (பறி தைத்ததும் மாட்டுத் தோலில்தான். செத்த மாடு வாழும் மாட்டின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சுமந்தது.) 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கியது. 1937-இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் கைத்திறனால், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதன்பின் வார்ப்பாலைகளும் பம்புசெட்டுத் தொழிலும் அவிநாசி சாலையோரம் வரிசை கட்டின. அந்தச் சாலையின் மேம்பாலத்துக்கு இன்று ஜி.டி. நாயுடுவின் பெயர். பம்பு வந்த தோட்டத்தில் கவலை நின்றது. டிராக்டர் வந்த காட்டில் ஏர் நின்றது. லாரி வந்த சாலையில் பாரவண்டி நின்றது.

ஓர் இனம் எந்த வேலைக்காக வடிக்கப்பட்டதோ அந்த வேலை போய்விட்டால் மிஞ்சும் மதிப்புகள் மூன்று: பால், சாணம், உடல். காங்கேயம் பசுவின் பால் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 540 கிலோ அளவில்தான். கன்றுக்குப் போக மிஞ்சுவது வீட்டுக்கு ஆகும், சொசைட்டிக்கு ஊற்ற ஆகாது. சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு என்பது அரசின் விருத்திக் கொள்கையானதும் கறவை என்ற இடமும் பறிபோனது. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாடுகள் ஏறத்தாழ 95 லட்சம். அவற்றில் மிகப் பெரும்பான்மை கலப்பினம். ஆகவே மிஞ்சியது உடல். அதற்கும் விலை உண்டு. ஆனால் எந்தக் கையில்?

சந்தையில் ஒரு செவ்வாய்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். ஆந்திரம், கர்நாடகம், தமிழகத்தின் மற்ற மாவட்டங்கள் என்று பல திசைகளிலிருந்தும் வரும் மாடுகளில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகும். அங்கே நின்று பார்த்த ஒரு காலையில், மயிலை எருது ஒன்றுக்கு நடந்த பேரம் இது. தரகர் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். விலாவில் கைவைத்து அழுத்தினார். பின்தொடையை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு இருவர் கையும் துண்டுக்குள் போயின. விரல்கள் பேசின. வெளியே வந்தபோது விற்றவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. “நல்ல மாடுங்க, பட்டக்காரர் வழி” என்றார் அவர், விலை முடிந்த பிறகு, யாரிடமும் அல்லாமல். “இருக்கட்டுங்க. இப்ப கிலோக் கணக்குத்தானுங்க” என்றார் தரகர்.

பட்டக்காரர் வழி என்ற மதிப்பும் கிலோக் கணக்கும் சந்திக்கும் அந்த இடத்தில் முதலாவது காற்றில் கரைந்துவிடுகிறது. விற்றவருக்குக் கிடைத்தது தலைக்கு இவ்வளவு என்ற ஒரு தொகை. அந்த எருதின் கறி மிருதுவா, நாரா, அறுத்தபின் எத்தனை சதவீதம் கறியாக விழுந்தது என்ற செய்தி பாலக்காட்டுக்கு அப்பால் எங்கோ ஓர் இறைச்சிக் கடையின் கட்டையில் முடிகிறது. அது வெள்ளகோவிலுக்குத் திரும்பி வந்து, ‘இந்தக் காளையின் கன்றுகளுக்கு நல்ல விலை’ என்று சொல்வதில்லை.

விலங்கு மரபியலாளர் எல்.என். ஹேசல் 1943-இல் தேர்வுக் குறியீட்டுக் கொள்கையை வகுத்தபோது சொன்ன அடிப்படை இதுவே. ஒவ்வொரு பண்பையும் அது தரும் பொருளாதாரப் பயனால் எடைபோட்டுக் கூட்ட வேண்டும், அந்தக் கூட்டுத்தொகையைக் கொண்டு விலங்கைத் தேர வேண்டும். எடை சுழியாக உள்ள பண்பு எவ்வளவு பரம்பரைத்தன்மை உடையதாக இருந்தாலும் அந்தத் தேர்வால் நேரடியாக நகராது. கறியின் கொழுப்புப் படிவு ஓரளவு நன்றாகவே தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் பண்பு. சினைபிடிக்கும் திறனோ மிகக் குறைவாகச் செல்வது. மேலைநாட்டு இறைச்சி மாட்டுப் பண்ணைகள் அப்படியிருந்தும் சினைத்திறனுக்கே முதலிடம் தருகின்றன, ஏனென்றால் கன்று பிறக்காத பசுவில் லாபம் ஏது? தரம் வேண்டும் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். காங்கேயம் கிடாரி முதல் கன்று ஈன ஏறத்தாழ 44 மாதம் ஆகிறது. இறைச்சிக்கென்று இங்கே யாராவது விருத்தி தொடங்கினால் முதலில் கைவைக்க வேண்டியது கறியில் அன்று, இந்த எண்ணில்.

பத்து வயது என்ற வரம்பு

சமய உணர்வைப் பாதி உண்மை என்றேன். அந்தப் பாதி சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958-இன்படி மாட்டை அறுக்க வேண்டுமானால் அது பத்து வயதைக் கடந்திருக்க வேண்டும், வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியற்றதாக இருக்க வேண்டும். அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகச் செயலிழந்திருக்க வேண்டும். 1976 ஆகஸ்டு 30-இல் வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதையே தடுத்தது. சந்தை நடைமுறை சட்டத்தின் எழுத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இனவிருத்தி என்பது இருபது, முப்பது ஆண்டு முதலீடு. அதைச் சட்டத்தின் ஓரத்தில் நின்று யாரும் செய்ய மாட்டார்கள்.

இந்த வரம்பின் பொருளை உயிரியல் கணக்கில் பார்க்க வேண்டும். மாடு வளரும் காலம் முதல் சில ஆண்டுகள்தான். அதன்பின் தின்பதெல்லாம் உடலைப் பேணுவதற்கே போகும், எடையாக மாறாது. இறைச்சிக்கென வளர்க்கும் நாடுகளில் ஒன்றரை, இரண்டு வயதிலேயே அறுப்பது அதனால்தான். பத்து வயது வரை தீவனம் போட்டவருக்குக் கறியில் லாபம் வர வழியே இல்லை. அந்த மாடு ஏற்கெனவே உழைத்தோ ஈன்றோ தன் செலவைத் தீர்த்திருந்தால் மட்டுமே கடைசித் தொகை லாபமாகும். அதாவது, கறி ஒரு துணைப்பொருள் என்பது நம் சட்டத்தின் உள்ளேயே இருக்கும் முன்முடிவு. எருதுக்கு வேலை இருந்த 1958-இல் அது அறிவுடைய முடிவும்கூட. வேலையே போன பிறகு அந்தக் கணக்கில் ஒரு வரி காலியாக நிற்கிறது.

தரத்தின் கதையும் இதே வயதில் சிக்கியிருக்கிறது. தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் இழைகளுக்கிடையே வயதாக ஆகக் குறுக்குப் பிணைப்புகள் இறுகும். இளங்கன்றின் கொலாஜன் சூட்டில் கரைந்து குழையும். கிழ எருதினுடையது எளிதில் கரையாது. அதோடு திமிலுடைய இந்திய மாடுகளின் தசையில் கால்பாஸ்டாட்டின் மிகுதி. அறுத்தபின் கறியை மிருதுவாக்கும் கால்பெயின் நொதியை அது தடுத்து வைக்கும். இவை இரண்டும் இனத்தையும் வயதையும் சார்ந்தவை. மூன்றாவது காரணம் சாலையைச் சார்ந்தது. லாரியில் நெருக்கி ஏற்றி, தண்ணீர் இன்றி நெடுந்தூரம் போன மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோகும். அறுத்தபின் தசை புளிக்க வேண்டிய அளவு புளிக்காது. கறி கறுத்து, உலர்ந்து, சீக்கிரம் கெடும். இப்படிக் கெட்ட கறிக்கு உலகின் எந்தச் சிறந்த காளையின் விந்தும் மருந்தாகாது. இனவிருத்தியாளர்கள் தரத்தைப் பற்றிப் பேசும்போது சாலையைப் பேசுவதில்லை. அது பெரிய குறை.

சமையல் இதையெல்லாம் முன்பே அறிந்திருக்கிறது. உக்கடம், கோட்டைமேடு பக்கத்துக் கடைகளில் மாட்டுக்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குக்கரில் நிறைய விசில் விட்டு, பிறகுதான் மிளகும் சோம்பும் போட்டு வறுக்கிறார்கள். கேரளத்தில் தேங்காய்ச் சில்லோடு உலர்த்தியெடுக்கும் பக்குவமும் அப்படித்தான். வெந்த நார் வாயில் உடையும்படி செய்யும் இந்தப் பக்குவங்கள், பத்து வயது எருதுக்காகவே வளர்ந்தவை. தடித்த துண்டை இரண்டு நிமிடம் சுட்டுத் தட்டில் வைக்கும் உணவகத்துக்கு வேண்டிய தரம் வேறு. நம் அடுப்புக்கு வேண்டிய தரம் வேறு. ஒன்றின் அளவுகோலை மற்றதன் மேல் வைத்து ‘நம் மாட்டுக்கறி தரமற்றது’ என்று எழுதும் அறிக்கைகளுக்கு என் உடன்பாடு இல்லை.

நெல்லூரிலிருந்து ஒரு மறுப்பு

உடல்வாகு கறிக்கு ஆகாது என்ற வாதத்துக்கு விடை பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. ஒங்கோல் மாடும் காங்கேயத்தைப் போல ஏருக்கும் வண்டிக்கும் வளர்ந்ததுதான். அது கடல் கடந்து பிரேசிலுக்குப் போனது. நெல்லூர் என்ற பெயரே அங்கே ‘நெலோர்’ ஆனது. ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி ஊரின் பெயரைத் தாங்கி 1960-களின் தொடக்கத்தில் போன ஒரு காளையின் வழித்தோன்றல்கள் இன்று அந்நாட்டு மந்தைகளில் எண்ணிலடங்கா. பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பான்மை நெலோர் வழியினவே. 2023-இல் நெலோர் பசு ஒன்று நாற்பது லட்சம் டாலருக்கு மேல் மதிக்கப்பட்டு, உலகிலேயே விலை கூடிய மாடு என்று கின்னஸில் ஏறியது. அமெரிக்காவில் உருவான பிராமன் இனத்திலும் ஒங்கோல், கிர், காங்க்ரேஜ் இரத்தமே ஓடுகிறது.

அங்கே மாறியது என்ன? மாட்டின் இரத்தம் மாறவில்லை, மாட்டுக்குப் பணம் கொடுப்பவன் மாறினான். காளையின் சொந்தக்காரனே கன்றுகளை வளர்த்து, எடைபோட்டு விற்று, எந்தக் காளையின் கன்று வேகமாக எடை ஏறியது என்று பதிந்து வைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல் செய்ததும் இதேதான். அவருடைய நீள்கொம்பு மாடுகளின் முன்னோர்களும் ஏர் இழுத்தவையே. நகரம் வளர்ந்தது, கறிக்கு விலை வந்தது, அந்த விலை அவர் தொழுவத்துக்கே வந்தது. பழையகோட்டையையும் டிஷ்லியையும் ஒப்பிட்டால் தேர்வுத் திறமையில் குறைவு எதுவும் தெரியாது. வேறுபாடு வாங்கியவர்களிடம்.

இதற்குச் சான்று வெளிநாட்டில் மட்டும் இல்லை. அதே கொறங்காட்டில் மாட்டோடு மேயும் மேச்சேரி செம்மறியைப் பாருங்கள். கன்னிவாடி ஆட்டுச் சந்தையில் வியாபாரி கிடாயின் இடுப்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, “பன்னெண்டு கிலோ விழும்” என்பார். வளர்த்தவர், “பதினாலுங்க” என்பார். இருவரும் கறியைத்தான் பேசுகிறார்கள், வெளிப்படையாக, கூச்சமின்றி. அடுத்த ஆண்டு எந்தக் கிடாயைப் பொலிக்கு நிறுத்துவது என்று அந்த வளர்ப்பவருக்குத் தெரியும், ஏனென்றால் விலை அவர் மடியிலேயே விழுகிறது. 1978-இல் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது அறிவியல் கையில் எடுத்தது, கறிக்கும் தோலுக்கும் ஏற்கெனவே தேர்ந்து வடித்த ஓர் இனத்தை. ஒரே மண், ஒரே புல், பெரும்பாலும் ஒரே குடும்பம். ஆட்டுக்கு இறைச்சி விருத்தி உண்டு. மாட்டுக்கு இல்லை.

மறுப்புரைகள் சில

ரேக்ளாவும் ஜல்லிக்கட்டும் இனத்தைக் காப்பாற்றுகின்றனவே என்பார்கள். 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் வந்த மாநிலத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே 18-இல் உறுதிசெய்த பிறகு காளைக்கன்றுக்கு விலை ஏறியது உண்மை. ஆனால் ஒரு ஜோடி ரேக்ளா மாட்டுக்காக எத்தனை பசுக்களைப் பட்டியில் வைத்திருக்க வேண்டும்? விளையாட்டு வேகத்தைத் தேர்கிறது. காளைக்கு மட்டும் பணம் தருகிறது. பசுவின் செலவை வேறு யாரோ ஏற்க வேண்டும்.

நாட்டுப்பசும்பாலுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறதே என்பதும் இப்படித்தான். 540 கிலோவை என்ன விலைக்கு விற்றாலும் கணக்கு நகரத்து வாடிக்கையாளர்கள் சிலரோடு நின்றுவிடும்.

சந்தையை இறுக்கினால் இனம் பிழைக்கும் என்பது மூன்றாவது வாதம். 2017 மே 23-இல் ஒன்றிய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்து, சந்தையில் விற்கும் மாடு அறுப்புக்கு அன்று என்று உறுதிமொழி கேட்டது. மே 30-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. ஜூலை 11-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்த விதி நிலைத்திருந்தால் விற்க முடியாத எருதை வைத்துக்கொண்டு ஒரு சிறுவிவசாயி அடுத்த கன்றை வளர்த்திருக்க மாட்டார். கடைசி விலை போய்விட்டால் முதல் கன்றும் போய்விடும்.

இன்னும் சங்கடமான உண்மை ஒன்று. இன்று நம் வட்டாரத்தில் கறிக்குப் போகும் மாடுகளின் பெரும்பகுதி காங்கேயமாக இருக்க வழியில்லை, கலப்பினம்தான். ஜெர்சிக் கலப்பில் பிறக்கும் காளைக்கன்றைப் பால்பண்ணையில் யாரும் விரும்புவதில்லை. பால் குடிக்க விட்டால் சொசைட்டிக்குக் குறையும். பாலினம் பிரித்த விந்து பரவினால் அந்தக் கன்று பிறப்பதே அரிதாகும். இறைச்சித் தரம் பற்றி நாம் பேச ஓர் இடம் உண்டென்றால், அது வளர்ச்சி முடியுமுன்பே கைவிடப்படும் அந்தக் கன்றிடம்தான். காங்கேயத்தை இறைச்சி இனமாக்கு என்று நான் கேட்கவில்லை. இன்றைய சட்டத்தில் அது நடக்காது, நடக்க வேண்டும் என்று வளர்ப்பவர்களும் கேட்கவில்லை. அதன் கடைசி விலையை மறைக்காமல் கணக்கில் எழுதுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

அதற்கு ஆய்வகம் வேண்டாம். உடுமலைப்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து பொள்ளாச்சி வெகுதூரம் இல்லை. மாணவர்கள் செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஓர் அளவு நாடாவோடு சந்தைக்கு வரட்டும். மாட்டின் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும். பல்லையும் இனத்தையும் அந்த எடையையும் துண்டுக்குள் முடிந்த விலையையும் ஓராண்டு முழுக்க எழுதி, அந்த ஏட்டின் ஒரு படியைப் பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அனுப்பிவையுங்கள்.